ரோஸ் ஆகாத தண்ணீர்

"இல்லன்னு சொல்றீங்களா, இருக்குதான்னு தெரியலன்னு சொல்றீங்களா?"

பரிமளா அக்கா இப்படிக் கேட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேட்ட இடம் மாரியம்மன் கோயில் வாசல், வேப்பமரத்தடி. ஷூ கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிட்டுப் போயிருந்த சாயங்காலம். என் கையில், அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை எங்கள் ஆய்வகத்தில் சோதித்த முடிவு அச்சிட்ட ஒற்றைத் தாள். இடுப்பில் என் மகள் கயல். அன்று குழந்தைகள் காப்பகத்துக்கு விடுமுறை என்பதால் அவளையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அப்போது அவளுக்கு மூன்று வயது நிறையவில்லை. என் தோளில் எச்சில் வடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

தாளில் எழுதியிருந்தது இதுதான்: "ஆறாம் நிலை குரோமியம்: கண்டறியும் எல்லைக்குக் கீழே."

இதைவிட நல்ல முடிவு ஓர் ஆய்வகத்தில் கிடைக்காது. காலையில் அதைப் பார்த்தபோது நான் ஆய்வக நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். ஆனால் வேப்பமரத்தடியில் அந்த வரியை வாய்விட்டுப் படித்தபோது அது நல்ல செய்தி மாதிரியே ஒலிக்கவில்லை.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்திருப்பவர்களுக்காக: நான் வேதியியல் படித்தவள். வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மாசுபட்ட நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை செய்கிறேன். கேஸை அணைத்தோமா, பாட்டில் மூடியைத் திருகினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். என் கணவர் இதைப் பற்றிச் சொல்லும் கிண்டல்களை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். திரும்ப எழுதி அவரைச் சந்தோஷப்படுத்த விருப்பமில்லை.

மஞ்சள் கிணறு

ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றுப் பக்கம் உள்ளே திரும்ப வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது அந்த ஊர்ப் பெண்கள் வைத்த ஒரே நிபந்தனை அது.

"பேரப் போட்டீங்கன்னா எங்க பசங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? ஏற்கெனவே தண்ணி சரியில்லாத ஊருன்னு தரகர் இந்தப் பக்கம் வண்டியத் திருப்ப மாட்டேன்றாரு."

சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அது சிரிப்புக்குச் சொன்னதில்லை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

கோயிலை ஒட்டிக் கருங்கல் கட்டிய பெரிய கிணறு. அம்மன் கிணறு என்பார்கள். அதற்கு மேற்கே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் ஒரு மனை. தோல் பதனிடத் தேவைப்படும் குரோம் உப்பைத் தயாரித்த சிறிய பட்டறை ஒன்று அங்கே இருந்ததாம். நான் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள். நடத்தியவர் எந்த ஊர்க்காரர், எங்கே போனார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கழிவை மட்டும் மண்ணுக்குள் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து கரைந்து கிணற்றுக்கு வந்தது. முதல்முறை வாளியில் சேந்திப் பார்த்தபோது, எலுமிச்சம்பழச் சாற்றில் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டது போல லேசான மஞ்சள். நாற்றம் கிடையாது. வெயிலில் பார்க்க அழகாகக்கூட இருந்தது. அழகாக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

அந்தத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அமிலம் சில துளிகளும் எங்கள் மருந்தும் சேர்த்தால், கெட்ட குரோமியம் இருந்தால் ரோஸ் நிறமாகும். அதிகம் இருந்தால் ஊதா. அன்று அது நேராகக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. சுற்றி நின்ற பிள்ளைகள் "ரோஸ் மில்க், ரோஸ் மில்க்" என்று குதித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் சோதனைக்கு ஊரில் ரோஸ் மில்க் டெஸ்ட் என்று பெயர். எனக்குத் தண்ணி மேடம்.

வீட்டுக்கு வந்ததும் வாசலுக்கு வெளியிலேயே செருப்பை விட்டு, குளித்து, உடை மாற்றிய பிறகுதான் கயலைத் தூக்கினேன். அவள் அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையுறை போட்டுத்தானே வேலை செய்தோம், இவ்வளவு தேவையா என்று குளிக்கும்போதே தோன்றியது. தேவைதான் என்று சோப்பை இன்னொரு முறை எடுத்தேன்.

நீலமும் மஞ்சளும்

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் டிரம் பிரிவில் வேலை பார்த்தார். வீடு உயரத்துக்கு மரப் பீப்பாய்கள் உருண்டுகொண்டே இருக்கும். அதற்குள் தோல் குரோம் உப்பில் ஊறி, வெளிர்நீலமாக, கனத்து, ஈரத்தோடு வெளியே வரும். வெட் புளூ என்பார்கள். அப்பாவின் நகக்கண்களில் அந்த நீலம் எப்போதும் இருக்கும். அம்மா அவருடைய லுங்கியைத் தனி வாளியில் ஊறப்போடுவார். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவ்வப்போது மூக்கைச் சுளிப்பாள். என் உடையில் அந்த வாசனை இருந்ததா, அவளுக்குச் சளி பிடித்திருந்ததா என்று இன்றுவரை தெரியாது. நான் முதலாவது என்றே எடுத்துக்கொண்டேன்.

அதனால் நீலத்தை வெறுத்தேன். நீல ரிப்பன் வாங்கித் தந்தால் கட்ட மாட்டேன்.

முதுகலை வகுப்பில்தான் தெரிந்தது, குரோமியத்துக்கு இரண்டு முகம் உண்டென்று. அப்பாவின் நகத்தில் இருந்தது மூன்றாம் நிலை. அது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு இருந்த இடத்தில் இருக்கும், எளிதில் நகராது. ஆறாம் நிலைதான் மஞ்சள். தண்ணீரில் கரைந்து ஊர் ஊராகப் போகும், உடம்புக்குள் நுழையும், வருடக்கணக்கில் குடித்தால் கெடுதல் செய்யும். நான் பயந்திருக்க வேண்டியது மஞ்சளுக்கு.

அந்த வார விடுமுறையில் வீட்டுக்குப் போய் இதை விளக்கினேன். அப்பா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நான் இத்தினி வருசமா நல்லவனோடதான் தோஸ்த்தா இருந்திருக்கேன்" என்றார். கடலையை என் கையில் கொட்டினார்.

தோல் தொழிலையே மூடிவிட்டால் பாலாறு பிழைத்துவிடாதா என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். என்னைப் படிக்க வைத்தது அந்தத் தோல். நான் வேலை செய்யும் ஊரில் பாதிப் பெண்கள் காலையில் ஷூ கம்பெனி வேனில் ஏறுகிறார்கள். மூடு என்று சொல்வது எனக்கு எளிதாக வரவில்லை. சுத்தம் செய்யலாம் என்று சொல்ல வருகிறது. அதற்குத்தான் படித்திருக்கிறேன்.

மண்ணுக்குப் பாகு

எப்படிச் சுத்தம் செய்தோம் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மண்ணுக்கு இனிப்பு கொடுத்தோம்.

சர்க்கரை ஆலையில் சர்க்கரையெல்லாம் எடுத்த பிறகு கடைசியில் மிஞ்சுகிற கறுப்புப் பாகு இருக்கிறதே, மொலாசஸ், அதைத் தண்ணீரில் கரைத்து, பட்டறை மனைக்கும் கிணற்றுக்கும் நடுவில் போட்ட குழாய்கள் வழியாக நிலத்துக்குள் செலுத்தினோம். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும். பெருகும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அந்த மூச்சுமுட்டலில் ஆறாம் நிலை குரோமியம் மூன்றாம் நிலைக்கு இறங்கி, மண்ணிலேயே படிந்துவிடும். மஞ்சளை நீலத்தின் வீட்டுக்கு அனுப்பி வைப்பது என்று கயலுக்குச் சொல்வேன்.

உலகத்தில் பல இடங்களில் செய்து பார்த்த முறைதான். எங்கள் பேராசிரியர் இந்த மண்ணுக்கும் இந்தத் தண்ணீருக்கும் எந்த அளவு சரிப்படும் என்று ஆய்வகத்தில் பல காலம் பார்த்த பிறகுதான் களத்துக்கு வந்தோம்.

ஊரே வெல்லம் காய்ச்சுகிற வாசனை. எறும்புகள் குழாய்களைச் சுற்றிக் கறுப்பாக மொய்த்தன. ஒரு பசு எங்கள் பீப்பாயை விட்டு நகரவே மறுத்தது. அந்த நாட்களில்தான் பரிமளா அக்கா எனக்கு அறிமுகம். ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவர். தைத்து வரும் ஷூவைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது வேலை. அந்தப் பழக்கத்தில் எங்கள் வேலையையும் புரட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இப்டி ஊத்தறீங்க. மண்ணுக்குச் சக்கர வியாதி வந்துடப் போவுது."

வந்தது வேறு வியாதி. சில வாரங்களில் கிணற்றின் மஞ்சள் போய்விட்டது. ஆனால் தண்ணீர் பழுப்பாகி அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஆக்சிஜன் தீர்ந்த நிலத்தில் இரும்பு கரைந்து வருவது எதிர்பார்த்ததுதான். சரியாகப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதை நான் முன்கூட்டியே ஊரில் சொல்லியிருந்தேன். சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. பார்க்க அழகாக இருந்த தண்ணீரை இந்தக் கல்லூரிக்காரர்கள் சாக்கடையாக்கிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. ஊரைப் பேஜார் பண்ணிட்டீங்க என்று ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

நான் பொறுக்கச் சொன்னேன். அப்போது என் குரல் நடுங்கவில்லை. வீட்டில் நடுங்குகிற எனக்குக் குழாய் வரிசைக்கு நடுவே நின்றால் மட்டும் எப்படியோ ஒரு தெம்பு வருகிறது. நாற்றம் குறைந்தது. பழுப்பு அடங்கியது. வெயில் காலம் முடிகிற நேரத்தில் வாளியின் அடி தெரிகிற தண்ணீர் வந்தது. உப்பு மட்டும் அப்படியே இருந்தது. பச்சைத் தோலைப் பதப்படுத்தப் பூசும் உப்பு இந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் எவ்வளவோ காலமாக இறங்கிக் கிடக்கிறது. பாகு அதைத் தொடாது. அதையும் சொல்லியிருந்தேன்.

ரோஸ் மில்க் டெஸ்ட் போட்டேன். குழாய் வெறும் தண்ணீராகவே நின்றது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எனக்குக் கண்ணீர் வந்தது. தூசி என்று சமாளித்தேன்.

நாங்கள் கேட்காமல் விட்டது

திட்டம் தொடங்கும்போது வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தோம்: அம்மன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறீர்களா? ஒரு வீடு விடாமல், "இல்லை" என்றார்கள். உண்மைதான். எல்லார் வீட்டிலும் கேன் தண்ணீர்.

ஆடி பிறக்கும் சமயம் பரிமளா அக்கா போன் செய்தார். வரும் ஞாயிறு கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், குழந்தையோடு வர வேண்டும், வராவிட்டால் கோபித்துக்கொள்வேன் என்றெல்லாம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் சேர்த்தார்: "இந்த வாட்டிதான் மேடம் பழையபடி முழுசா நம்ம கெணத்துத் தண்ணில காய்ச்சப் போறோம்."

பழையபடி என்றால் என்ன?

மெல்லக் கேட்டதில் தெரிந்தது. அம்மனுக்கு ஊற்றும் கூழ் அம்மன் கிணற்றுத் தண்ணீரில்தான் காய்ச்ச வேண்டும். அது முறை. கிணறு மஞ்சளானபின் கேன் தண்ணீருக்கு மாறினாலும், முறையை விடக்கூடாது என்று ஒவ்வொரு பானைக்கும் பேருக்கு ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆடியிலும். ஊரே குடித்திருக்கிறது, பிள்ளைகள் உட்பட.

குடிப்பதில்லை என்று சொன்னீர்களே என்று கேட்டேன்.

"குடிக்கறதில்லதான். அது ஆத்தாளுக்குக் காய்ச்சறது மேடம். நாங்க வாங்கறது பிரசாதம்."

அவர்கள் பொய் சொல்லவில்லை. நாங்களும் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் நான் வளர்ந்த வீட்டிலும் ஆடியில் கூழ் ஊற்றுவார்கள். எந்தத் தண்ணீர் என்று கேட்கும் அறிவு எங்கள் குழுவில் யாருக்காவது வந்திருக்க வேண்டுமென்றால் அது எனக்குத்தான்.

வருடத்துக்கு ஒரு நாள், ஒரு பானைக்கு ஒரு செம்பு. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய ஆபத்து இல்லை என்று கணக்கு சொன்னது. ஆனால் இந்த முறை ஒரு செம்பு இல்லை, பானை முழுக்க. அதுவும் எங்களை நம்பி. நாங்கள் சுத்தம் செய்துவிட்டோம் என்று நினைத்து.

பாஸா, ரிஜெக்டா

அதற்காகத்தான் அந்தச் சாயங்காலம் தாளும் கையுமாகப் போனேன்.

போகும் முன் பேராசிரியரைக் கேட்டேன். அவர் சொன்னது நியாயமானதே. குடிக்கலாம் என்று சான்று தரும் அதிகாரம் நமக்குக் கிடையாது, அது அரசுத் துறையின் வேலை, தாளில் இருப்பதைப் படித்துக் காட்டிவிட்டு வா என்றார். கடமை தவறாதவள் என்று பெயரெடுத்தவள் நான். அப்படியே செய்தேன். கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று படித்துக் காட்டினேன்.

அப்போதுதான் பரிமளா அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். இல்லை என்கிறீர்களா, தெரியவில்லை என்கிறீர்களா?

எங்கள் கருவியின் கண்ணுக்கு ஓர் அளவு உண்டு, அதற்குக் கீழே இருந்தால் அதற்குத் தெரியாது என்றேன். அந்த அளவே மிகவும் கம்மி என்றேன். சொல்லச் சொல்ல, நான் ஏதோ மறைப்பது போல எனக்கே தோன்றியது. ஒரு பெண் கொதிக்க வைக்கத்தானே போகிறோம், எல்லாம் போய்விடும் என்றார். கொதித்தால் கிருமிதான் சாகும், இது கிருமி இல்லை, உப்பு மாதிரி, கொதித்தாலும் அப்படியே இருக்கும் என்றேன்.

பரிமளா அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷூவை அப்படித்தான் பார்ப்பாராக இருக்கும்.

"எனக்கு அதெல்லாம் புரியல. எங்க செக்கிங்ல பாஸு, இல்லன்னா ரிஜெக்ட்டு. நீங்க எதுன்னு சொல்லுங்க."

"சந்தேகமா இருந்தா இன்னாக்கா பண்ணுவீங்க?"

"அது ஹோல்டு. தனியா எடுத்து வெச்சிடுவோம்."

"அப்ப இது ஹோல்டு."

தோளில் கயல் புரண்டு படுத்தாள். நான் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அதன் பிறகு சொன்னது எதுவும் தாளில் இல்லாதது. நிலத்துக்குள் இன்னும் பாகு போய்க்கொண்டிருக்கிறது. அது இருக்கும்வரை தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். நிறுத்திய பிறகு என்ன ஆகும், பெருமழையில் நிலத்தடி நீர் ஏறி அந்த மனையின் மண்ணைக் கழுவும்போது என்ன ஆகும் என்பதுதான் உண்மையான பரீட்சை. அதை நாங்கள் இன்னும் எழுதவில்லை. அதனால் இந்த ஆடிக்கு வேண்டாம், ஒரு செம்புகூட வேண்டாம் என்றேன். என் பெண்ணுக்கு இப்போது இந்தத் தண்ணீரைக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

முறை விட்டுப்போவது அவர்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அந்த வருடத்தில் மழை பொய்த்தாலும் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டாலும் இதைத்தான் பேசுவார்கள்.

பரிமளா அக்கா அதோடு விடவில்லை.

"ஹோல்டுல வெச்சத அப்டியே வெச்சிருக்க முடியாது மேடம். அதுக்கு ஒரு நாள் சொல்லணும். என்னிக்குச் சொல்வீங்க?"

"ஒரு மழ, ஒரு வெயில் காலம் போவட்டும்கா. அடுத்த ஆடிக்குச் சொல்றேன்."

பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. சொல்ல அதிகாரமில்லாத ஒன்றைச் சொல்வதாக, நாள் குறித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பேராசிரியரிடம் மறுநாள் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. பாகை ஆடிக்குப் பிறகு நிறுத்திவிடலாம், அப்போதுதான் உன் பரீட்சைக்கு விடை கிடைக்கும் என்றார்.

முதல் டம்ளர்

அந்த ஞாயிறு கயலுக்கு மஞ்சள் பாவாடை போட்டு என் வண்டியில் அழைத்துப் போனேன். ஒலிபெருக்கி, வேப்பிலைத் தோரணம், பானை பானையாகக் கூழ். முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் ஒரு பக்கம் மணந்தன. உரித்த சின்ன வெங்காயம் ஒரு முறத்தில் குவிந்திருந்தது.

அம்மன் முன்னால் ஒரு பித்தளைக் குடம். வேப்பிலை சொருகி மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். அதில் கிணற்றுத் தண்ணீர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குடத்தை ஒட்டி ஒரு செம்பையும் கவிழ்த்து வைத்திருந்தார்கள். என் பார்வை குடத்துக்கும் கூழ்ப் பானைக்கும் இடையே போய்ப் போய் வந்தது. செம்பின் வெளிப்புறம் ஈரமாக இருந்ததா? இருந்தது போலத்தான் இருந்தது.

பூசை முடிந்தது. தண்ணி மேடம் வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதலில் என்று பரிமளா அக்கா ஒரு டம்ளரில் கூழ் ஊற்றி, ஊதி, கயலிடம் நீட்டினார். கயல் இரண்டு கையாலும் வாங்கினாள்.

என் கை தானாக நீண்டு டம்ளரின் விளிம்பைப் பிடித்தது.

பிடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். நானும்தான்.

பரிமளா அக்கா கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "கேன் தண்ணி மேடம். ஒரு செம்பு கூடச் சேக்கல. நீங்க சொன்னத நாங்க நம்புனோம் இல்ல?"

சோதனைப் பை வண்டியில்தான் இருந்தது. ஆனால் கூழில் அந்தச் சோதனை வேலை செய்யாது. கேழ்வரகும் மோரும் கலந்த அந்த நிறத்தில் ரோஸ் தெரியாது. அந்த இடத்தில் என்னிடம் இருந்தது அவருடைய வார்த்தை மட்டும்தான். அவர்களிடம் அந்த ஆடிக்கு என் வார்த்தை மட்டும் இருந்தது போல.

கையை எடுத்தேன். கயல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேலுதட்டில் கூழ் மீசையோடு, இன்னும் வேண்டும் என்று டம்ளரை நீட்டினாள். "பெரிம்மா, வெங்காயம்" என்று வேறு கேட்டாள். சிரிப்பு எழுந்தது. எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. உப்பு சரியாக இருந்தது. கிணற்றுத் தண்ணீராக இருந்திருந்தால் கரித்திருக்கும் என்று நாக்கு தன் பங்குக்குச் சோதனை செய்துவிட்டுச் சொன்னது. அது முதல் வாய்க்குப் பிறகு. கையை எடுத்தது அதற்கு முன்பு. இந்த வரிசையை நான் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் குடித்து முடித்த பிறகு அந்தக் குடத்தை இரண்டு பெண்கள் தூக்கி வந்து வேப்பமரத்தின் அடியில் ஊற்றினார்கள். முறை விட்டுப்போகவில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஆத்தா கிட்டயும் சொல்லிட்டோம் மேடம்" என்றார் பரிமளா அக்கா. "ஹோல்டுல கீதுன்னு."

இந்த ஆடி

மழை வந்தது. நன்றாகவே வந்தது. பாகு நிறுத்திய குழாய்கள் வாயை மூடிக்கொண்டு நின்றன. மாதந்தோறும் போய்த் தண்ணீர் எடுத்தேன். சோதனைக் கண்ணாடிக் குழாய் ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீராகவே நின்றது.

ஒரே ஒரு முறை தவிர. ஐப்பசியில் விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தபோது மிக மெல்லிய ரோஸ் தெரிந்தது எனக்கு. பேராசிரியர் தெரியவில்லை என்றார். ஆய்வகக் கருவி கண்டறியும் எல்லையின் விளிம்பில் ஒரு எண்ணைக் காட்டியது. இருக்கிறது என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது. குடிநீருக்கான வரம்பைவிட வெகு கீழே. அந்த வாரமே மறுபடி எடுத்தேன். ஒன்றுமில்லை. அதன் பிறகு கோடை முழுக்க ஒன்றுமில்லை. அன்று குழாயைச் சரியாக அலசவில்லையோ? அல்லது நிஜமாகவே மழை எதையோ கொண்டுவந்து, மண் அதைப் பிடித்துக்கொண்டதோ? அப்படியென்றால் அதுவே எங்கள் வேலை பலித்ததற்குச் சாட்சி. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி தோன்றுகிறது.

என் மனம் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்க மாட்டேன். எங்கள் பாகு முறை வேலை செய்கிறது. மஞ்சளாக இருந்த கிணறு இன்று தெளிவாக இருப்பது என் கண்ணெதிரே நடந்தது. வருடத்தில் ஒரு நாள் கூழ் காய்ச்ச அந்தத் தண்ணீர் போதும் என்றுதான் என் படிப்பு சொல்கிறது. அரசுத் துறைக்குத் தண்ணீர் அனுப்பியிருக்கிறோம். அவர்களுடைய தாளும் வரும். அதிலும் பெரும்பாலும் இதே வரிதான் இருக்கும்: கண்டறியும் எல்லைக்குக் கீழே. மறுபடியும் அதை வேப்பமரத்தடியில் படித்துக் காட்ட வேண்டியது நான்தான்.

ஆடி நெருங்கிவிட்டது. நேற்று பரிமளா அக்கா போன் செய்தார். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கயலுக்கு இந்த வருடம் என்ன நிறத்தில் பாவாடை என்று மட்டும் கேட்டார். நான் நாள் குறித்துக் கொடுத்ததை அவர் மறக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

உங்களில் பலர் மூடிய கிணறும் கெட்ட ஏரியும் உள்ள ஊர்களிலிருந்து எழுதுகிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். அந்த மெல்லிய ரோஸைப் பற்றி ஊரில் சொல்லிவிட்டு, அதோடு சேர்த்துப் பாஸ் என்று சொல்வதா? சொன்னால் பயந்து இன்னும் பல வருடம் கிணற்றைத் தொட மாட்டார்களே. சொல்லாமல் விட்டால், அன்று டம்ளரிலிருந்து கையை எடுத்தேனே, அதற்கு என்ன மதிப்பு? அல்லது இன்னொரு மழை பார்க்கலாம் என்று மறுபடி ஹோல்டு போடுவதா? அப்படிப் போட்டால் என் வார்த்தையை மூன்றாம் முறை யார் கேட்பார்கள்?

உங்கள் ஊரில் ஒரு கிணற்றையோ குளத்தையோ மறுபடி குடிக்கத் திறந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைவிட, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். சரி என்று முதலில் வாய்விட்டுச் சொன்னது யார்? அன்று முதல் டம்ளரை யார் வீட்டுப் பிள்ளை குடித்தது?